மஞ்சள் தோட்டா

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டார்லாவின் துப்பாக்கிக் கடையில் இருந்தவர்கள்: கல்லாவுக்குப் பின்னால் டார்லா, அறுபது வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. அடுப்புக்குப் பக்கத்தில் ஹூபர்ட், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர்; நான்கு வருடமாக அந்தக் கடையில் காபியைத் தவிர வேறெதுவும் தொட்டதில்லை, காபியும் இலவசம். வாசல் மிதியடியின் மேல் ஒரு கிழட்டு வேட்டைநாய். கடைசியாக லோனி பிகெட், இருபத்தாறு வயது, நான்கு நாளாகத் தூக்கம் பிடிக்காதவன்.

லோனி நாயைத் தாண்டி உள்ளே வந்ததுமே ஹூபர்ட் பிடித்துக்கொண்டார்.

"வாடா! வீரன் பெத்த புள்ள! உங்கப்பன் திருடனைத் தெறிக்க விட்டானாமே?"

"ஆமா."

"எழுபத்தெட்டு வயசுல! காதும் கேக்காது. தோட்டாவும் இல்ல. துப்பாக்கியோட முன்கட்டைய இழுத்து 'சரக் சரக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். வந்தவன் கால்சட்டைய நனைச்சுக்கிட்டே ஓடியிருப்பான்."

"நனைக்கல," என்றான் லோனி.

"உனக்கெப்படித் தெரியும்? நீ அப்ப ஆலையில கொக்கியில கோழி மாட்டிட்டு இருந்திருப்ப."

லோனி கல்லாவுக்கு நகர்ந்தான். கால்சட்டை நனையவில்லை என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். அந்தத் திருடன் அவன்தான்.

கோழி ஆலையின் இரவு ஷிப்டை ஆகஸ்டிலேயே விட்டிருந்தான். விட்டதை வீட்டில் சொல்லவில்லை. தினமும் இரவு பத்து மணிக்கு ரப்பர் பூட்ஸும் டிபன் டப்பாவுமாகக் கிளம்புவான். நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் காருக்குள் படுத்துக் கிடந்துவிட்டுக் காலை ஏழு மணிக்குக் களைத்த முகத்தோடு திரும்புவான். களைப்பு மட்டும் நிஜம். போன செவ்வாய்க்கிழமை குளிர் தாங்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு மாதா கோவில் மைதானத்தில் காரை நிறுத்திவிட்டு நடந்து வந்து சமையலறைக் கதவைத் தன் சாவியால் திறந்தான். ரொட்டி டப்பாவில் கை வைத்தபோது நடைக்கோடியில் அப்பா நின்றிருந்தார். விளக்குப் போடவில்லை. யாரென்று கேட்கவில்லை. "அப்பா, நான்தான்" என்று இவன் கத்தினான். காதுக்கருவி இல்லாத மனிதருக்கு அது எங்கே கேட்கப் போகிறது? முன்கட்டை சரக்கென்று போய் வந்தது. அதன் பிறகு ஒரு டிக்.

ஊருக்கு அந்த டிக் தெரியாது. விரட்டுவதற்காகச் சத்தம் மட்டும் காட்டினேன் என்றுதான் அப்பா கதை சொல்லியிருந்தார். குறி பார்த்து விசையை அழுத்தியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. லோனியும் சொல்லவில்லை. சொன்னால் ஆலை விஷயமும் சேர்ந்து வெளியே வரும். போதாததற்கு, அந்த இரவுக்குப் பிறகு அப்பா தினமும் சவரம் செய்துகொள்கிறார், இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். வேலையை விட்ட சோம்பலில் செப்டம்பரில் ஒரு மத்தியானம் கொல்லைப்புறம் போய், துப்பாக்கியில் இருந்த ஐந்து தோட்டாவையும் பீர் டப்பாக்கள் மேல் சுட்டுத் தீர்த்தவன் லோனி. சும்மா. வெற்றுத் துப்பாக்கியைத் திரும்ப அலமாரியில் வைத்தான். அந்தச் சும்மாவால்தான் இன்று இரண்டு காலில் நிற்கிறான்.

இப்போது அவன் சட்டைப் பையில் அப்பா எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது.

டார்லா அதை வாங்கிப் படித்தாள். "பன்னிரண்டு போர் தோட்டா, பெரிய மான் ரவை, ரெண்டு பெட்டி. உங்கப்பா ஏமோஸ் படை திரட்டறாரா?"

"வீட்டுக் காவலுக்கு."

"வீடு எப்படின்னு சொல்லு. சும்மா எடுத்து நீட்ட மாட்டேன்." பழைய ரசீதைத் திருப்பிப் போட்டுப் பென்சிலை எடுத்தாள். இது அவள் வழக்கம். காவலுக்கென்று யார் கேட்டாலும் முதலில் வீட்டை வரையச் சொல்வாள். "அவர் எங்கே நிப்பார்?"

"நடைக்கோடியில. படுக்கையறை வாசல்ல."

"திருடன்?"

"சமையலறைக் கதவுகிட்ட. ரொட்டி டப்பா பக்கம்."

"ரொட்டியா திருட வந்தான்?" என்றார் ஹூபர்ட் அடுப்பருகிலிருந்து.

"எத்தனை அடி இருக்கும்?"

"இருபது." லோனி அதை அளந்து பார்த்திருந்தான். புதன்கிழமை, அப்பா குளிக்கும்போது, டேப் வைத்து.

டார்லா இரண்டு கோடு போட்டு, ஒரு கோடியில் வட்டம், மறு கோடியில் பெருக்கல் குறி வரைந்தாள். லோனி அந்தப் பெருக்கல் குறியையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவனுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"சுவர்."

"என்ன சுவர்?"

"அட்டைச் சுவர். ஜிப்சம்."

"அதுக்குப் பின்னாடி?"

"என் ரூம்."

பென்சில் நின்றது. "மான் ரவை அந்த அட்டைய ஒரு பொருட்டாவே நெனைக்காது. சுவரைத் தாண்டி, உன் ரூமைத் தாண்டி, வெளிச்சுவரையும் பாத்துட்டுத்தான் நிக்கும். ராத்திரி நீ வேலைக்குப் போயிடுவ, சரி. ஞாயித்துக்கிழமை லீவு நாள்ல என்ன பண்ணுவ, கட்டிலுக்கு அடியில படுப்பியா?"

"இருக்கறதுலயே சாதுவானது எது?"

"சாதுவா? எதுக்கு?"

"இல்ல... பட்டா காயத்தோட போற மாதிரி. ஆளு சாகாம."

ஹூபர்ட் சிரித்தார். "திருடனுக்குச் சொந்தக்காரன் மாதிரி பேசறியேடா!"

டார்லா சிரிக்கவில்லை. மூன்று பெட்டிகளை இறக்கி வரிசையாக வைத்தாள். "இது ஒற்றைக் குண்டு. வீட்டுக்குள்ள இதைச் சுடறவன் பைத்தியக்காரன். இது மான் ரவை, உள்ள பெரிய ஈயக் குண்டுங்க. இது குருவிக்குப் போடற பொடி ரவை. இதைத்தான் நீ தேடற. சுவருக்குள்ள ரொம்ப தூரம் போகாதுன்னு நெறைய பேரு வாங்கிட்டுப் போறாங்க. சரிதான், ஆனா இருபதடியில இதெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள்ள ஒண்ணாச் சேர்ந்து போகும் தம்பி. நாப்பது கஜத்துல குருவிக்குத்தான் அது பொடி. உங்க நடையில நிக்கறவனுக்கு ஒண்ணும் பொடி இல்ல. சாதுவான தோட்டான்னு நான் இதுவரைக்கும் வித்ததில்ல."

மூன்று பெட்டியையும் லோனி மாறி மாறிப் பார்த்தான். தனக்கான சவப்பெட்டிக்குத் தானே மரம் பார்ப்பதுபோல் இருந்தது. அதோடு அந்த மரத்துக்கு விலை கேட்டது போலவும். வெறுங்கையோடு போனால் அப்பா ஹூபர்ட்டை அனுப்புவார். ஹூபர்ட் மான் ரவை மூன்று பெட்டியாக வாங்கி வருவார்.

மேல்தட்டில் மஞ்சள் பெட்டி ஒன்று இருந்தது.

"அதைக் குடுங்க," என்றான்.

"எதை?"

"மஞ்சள். ஒரு பெட்டி."

டார்லா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள். "அது இருபது போர். இன்னும் சின்னக் குழாய்க்கு."

"தெரியும்."

"உங்கப்பா துப்பாக்கி பன்னிரண்டு. அதுக்கு ஸ்ப்ரிங் மாத்திக் குடுத்ததே நான்தான்."

"அவருக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார். போட்டா வெடிக்காது. அவ்வளவுதானே?"

வாயிலிருந்து வந்துவிட்டது. அடுப்பருகில் காபிக் கோப்பை கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

டார்லாவின் குரல் தணிந்தது. அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. "அது ஏன் மஞ்சளா இருக்குன்னு உனக்கு யாரும் சொல்லித் தரலயா? சின்னத் தோட்டா பெரிய குழாயில வெடிக்காது, நழுவி முன்னாடி போய் மாட்டிக்கும். உங்கப்பா வெடிக்கலயேன்னு இன்னொரு நாள் டிராயர்ல கிடக்கற பழைய பன்னிரண்டு ஒண்ணைத் தேடி எடுத்துப் போடுவார். அது முன்னாடி இருக்கறதுல போய் முட்டும். குழாய் வாழைப்பழத்தோல் மாதிரி பிளக்கும். அவர் இடது கை முன்கட்டை மேல இருக்கும். புரியுதா? நீ பொழைக்கறதுக்கு உங்கப்பன் கைய விக்கப் பாத்த."

லோனி ரசீதில் இருந்த பெருக்கல் குறியைக் கையால் மறைத்தான்.

"நீ பொழைக்கறதுக்குன்னு சொன்னேன்," என்றாள் டார்லா. "அந்தத் திருடன் நான் இல்லேன்னு நீ மறுக்கல."

"அடக் கடவுளே," என்று ஹூபர்ட் எழுந்தார். அந்த முகத்தில் நான்கு வருடத்தில் முதல் முறையாக வேலை கிடைத்த வெளிச்சம். "ரொட்டித் திருடன்!"

"ஹூபர்ட், உக்காரு."

"நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலயே." அவர் ஏற்கனவே தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். கடைக்குள் செல்போனுக்குச் சிக்னல் எடுக்காது. வெளியே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால் எடுக்கும்.

"தோட்டா ஒண்ணும் கிடையாது," என்று டார்லா மூன்று பெட்டியையும் தட்டுக்குத் தள்ளினாள். "உனக்கும் இல்ல, அவருக்கும் இல்ல. ஓடு. ஹூபர்ட் போன் பண்றதுக்குள்ள நீயே சொல்லிடு."

வீட்டுக்குப் பதினொரு மைல். லோனி எண்பதில் ஓட்டினான். வழியெல்லாம் வாக்கியத்தைச் சேர்த்துப் பார்த்தான். எப்படி ஆரம்பித்தாலும் நடுவில் அந்த டிக் வந்து நின்றது.

அப்பா அடுப்பில் இறைச்சித் துண்டு வறுத்துக்கொண்டிருந்தார். சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. காதில் கருவி இருந்தது. பகலில் மட்டும் மாட்டுவார்.

"வாங்கிட்டியா?"

"இல்லப்பா."

"கடை மூடியிருந்ததா?"

"திறந்துதான் இருந்தது." நாற்காலியை இழுத்தான், உட்காரவில்லை. "செவ்வாய்க்கிழமை வந்தது திருடன் இல்ல. நான்."

அப்பா இறைச்சியைத் திருப்பிப் போட்டார். ஓரத்தைக் கரண்டியால் அழுத்தினார். அது சுருங்கி நிமிர்ந்தது.

"ரெண்டு மணிக்கு நீ வேலையில இருப்ப."

"ஆகஸ்ட்லயே விட்டுட்டேன்."

"ஏன்?"

"ராத்திரி பூரா கோழி தலைகீழாத் தொங்கிட்டே வரும்ப்பா. நிக்கவே நிக்காது. ஒரு நாள் போதும்னு தோணிச்சு."

"கோழி அப்படித்தான் வரும். ஆலைன்னா அப்படித்தான்."

"தெரியும்."

"கத்தியிருக்கலாமேடா."

"கத்தினேன். உங்களுக்குக் கேக்கல. நீங்க நேரா அழுத்தினீங்க. டிக்குன்னு சத்தம் வந்தது."

அப்பா அடுப்பை அணைத்தார். நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையையும் மேசை மேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்தார். பிறகு அவர் கேட்டது லோனி எதிர்பார்த்த எதுவும் இல்லை.

"தோட்டா எங்கே போச்சு?"

"என்னது?"

"அஞ்சு போட்டு வெச்சிருந்தேன். வசந்தத்துல. மறுநாள் காலைல பாத்தா ஒண்ணும் இல்ல. டிராயர், அலமாரி, கட்டிலடி, எல்லா இடமும் பாத்தேன். போட்டேன்னு நெனைச்சுப் போடாம விட்டுட்டேனோ, எங்கண்ணனுக்கு வந்த மறதி எனக்கும் வந்துடுச்சோன்னு... நாலு நாளா அதையே நெனைச்சுட்டு இருந்தேன். ஊர்ல எல்லாரும் முதுகைத் தட்டறான். எனக்கு உள்ளுக்குள்ள பயம்."

"நான்தான் சுட்டேன். செப்டம்பர்ல. டப்பா மேல."

"அஞ்சையும்?"

"அஞ்சையும்."

"அப்ப நான் மறக்கல." அப்பாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. நிஜமான சந்தோஷம். "போட்டுத்தான் வெச்சிருக்கேன். மறக்கல!"

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அதன் மறுபாதி அவருக்கு எட்டியது. லோனி அது எட்டுவதைப் பார்த்தான். மலர்ந்த முகம் அப்படியே நின்றது, வாய் மட்டும் மூடிக்கொண்டது. அவர் திரும்பி ரொட்டி டப்பாவைப் பார்த்தார். பிறகு நடைக்கோடியை. பிறகு லோனியின் மார்பை; முகத்தை அல்ல.

சுவரில் இருந்த டெலிபோன் விளக்கு மினுங்க ஆரம்பித்தது. அப்பாவுக்காக, மணியோடு விளக்கும் எரியும்படி வைத்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"ஹூபர்ட்," என்றான் லோனி.

அப்பா எழுந்து போய் எடுத்தார். நீண்ட நேரம் கேட்டார். "ஆமா," என்றார். "தெரியும் ஹூபர்ட். அன்னிக்கே தெரியும். பையனைக் கொஞ்சம் பயமுறுத்தினேன். வேலைய விட்டுட்டுப் பொய் சொன்னான் இல்ல, அதுக்கு. ...நீ உன் சோலியப் பாரு." வைத்துவிட்டார்.

"அன்னிக்கே தெரியுமா?"

"ஹூபர்ட்டுக்கு அப்படித்தான் தெரியணும்."

அவர் நடைக்குள் போய்த் துப்பாக்கியோடு வந்தார். முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அறையைத் திறந்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் விரலை விட்டார். அதை மேசை மேல் வைத்தார்.

"டார்லாகிட்ட குடு. அவளோட இரும்புப் பெட்டியில வெக்கச் சொல்லு. ஒரேயடியாக் குடுத்துட்டேன்னு நெனைக்காத, மான் சீசனுக்கு எடுத்துக்குவேன். ரசீது வாங்கு."

"அப்புறம் வீட்டுக் காவலுக்கு?"

"நீ பேசாத." கையை நீட்டினார். "சாவிய வை."

"எந்தச் சாவி?"

"இந்தக் கதவோட சாவி. இனிமே இந்த வீட்டுக்கு ஒரே சாவிதான், என்கிட்ட. நான் திறக்காம எவனும் என் சமையலறையில நிக்கக்கூடாது. நின்னா அவன் திருடன். எனக்கு அது நிச்சயமாத் தெரியணும்."

லோனி வளையத்திலிருந்து சாவியைப் பிரித்தான். வியர்வையில் நகம் வழுக்கியது. "நான் எங்கே தூங்கறது?"

"உன் ரூம்ல. எந்த நேரமா இருந்தாலும் வந்து தட்டு."

"தட்டினா உங்களுக்குக் கேக்காதேப்பா."

"கேக்கற வரைக்கும் தட்டு."

சாவி மேசை மேல் விழுந்தது. லோனி துப்பாக்கியைத் திறந்த வாக்கிலேயே கையின் குறுக்கே ஏந்திக்கொண்டு படியிறங்கினான். அப்பா அவனுக்குப் பின்னாலேயே வாசல் வரை வந்தார். வெயில் இருந்தது. கதவு மூடியது, பூட்டு திரும்பியது. பிறகு ஒருமுறை, சரியாக விழுந்ததா என்று உள்ளிருந்து அவர் இழுத்துப் பார்ப்பது கேட்டது.