பனிக்குப் பழகிய கை

நல்லசிவத்துக்கு இமயமலை ஆசை வந்தது பக்தியாலோ வீரத்தாலோ இல்லை. பக்கத்துக் கம்பெனிக்காரனின் லேபிளால் வந்தது. எவரெஸ்டில் மனிதன் ஏறிச் சில வருஷங்கள் கழித்து, ஏழாயிரம்பண்ணைக்காரன் ஒருவன் தன் வாணப் பெட்டியின் மேல் வெள்ளை மலை ஒன்றைப் போட்டு, உச்சியில் கொடியும் நட்டுவிட்டான். வடக்கேயிருந்து ஆர்டர் குவிந்தது. நல்லசிவத்துக்கு வயிறு எரிந்தது.

"அவன் போட்டது சித்திரம்லே. நான் நெசமாவே ஏத்துறேன். நம்ம ஆளு பனிமலை உச்சியிலே நின்னு நம்ம வாணத்தைக் கொளுத்தணும். அதைப் போட்டோ புடிச்சு லேபிள்ல போடுவோம்" என்று நாரணாபுரத்தில் இருந்த தன் பட்டாசு ஆலையின் ஆபீசில் மேசையைத் தட்டினார். நம்ம ஆள் என்றால் தான் இல்லை என்பதில் மட்டும் மனிதர் ஆரம்பத்திலிருந்தே தெளிவாக இருந்தார். அவர் அடிவாரத்துக் கூடாரம் வரைக்கும்தான்.

கணக்குப்பிள்ளை சங்கிலிமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியும். டார்ஜிலிங்கில் வழிகாட்டி ஒருவனைப் பிடித்துக் கடிதம் போட்டார். அவன் பெயர் பாசாங். "பேரே பாசாங்கா? வெளங்கிரும்" என்று ஆபீசே சிரித்தது. அவனோ சிரிக்கிற ஆள் இல்லை. எவரெஸ்ட் எல்லாம் வேண்டாம், சிக்கிம் பக்கம் ஒரு சிகரம் உண்டு என்று எழுதினான். வருஷம் பூராவும் உருகாத பனி, அதில் ஆளை விழுங்கும் வெடிப்புகள். இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் பின் ஒருவராய்ப் போக வேண்டும். அடியில் ஆணி வைத்த பூட்ஸ், கம்பளிச் சட்டை, கூடாரம், சுமை தூக்க ஆட்கள் எல்லாம் வேண்டும். புரட்டாசியில் வானம் தெளிவாக இருக்கும் என்றான். "தீபாவளி சீசன்ல எவன் மலை ஏறுவான்? சித்திரையிலே வைக்கச் சொல்லு" என்றார் முதலாளி. இமயமலையும் அவர் சௌகரியத்துக்குத்தான் நிற்க வேண்டும்.

ஆளும் கிடைத்தான். திரி போடும் தங்கச்சாமி. எந்தக் காற்றிலும் அணையாத திரி அவன் விரலில் இருந்தது. தவிர, இல்லை என்று சொல்லத் தெரியாதவன்.

"பனிமலைக்குப் போறியாலே?"

"பனிதானே மொதலாளி? மார்கழியிலே தலையிலே துண்டைக் கட்டிக்கிட்டு வெள்ளன வேலைக்கு வாரோமே. அதவிடவா?"

எல்லாரும் சிரித்தார்கள். எந்தப் பனி என்று அவனுக்குச் சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை. சொன்னால் சிரிப்பு போய்விடுமே.

தங்கச்சாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டான். அவன் பெண்சாதி ராக்காயி மருந்து ரூமில் வேலை பார்த்தாள். வெடிமருந்துக்கு வெள்ளிப் பவுடரும் கந்தகமும் கலக்கிற இடம். சாயங்காலம் முகமெல்லாம் ஈயம் பூசியதுபோல் பளபளக்க வெளியே வருவாள். அவளுடைய கூடப்பிறந்த அக்கா அதே ரூமில்தான் வெந்து செத்தாள். சுவரை மட்டும் புதிதாகக் கட்டி, காரை காய்வதற்குள் அக்கா இடத்தில் தங்கச்சியை உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து ஆலைப் பக்கம் எது டப்பென்றாலும் தங்கச்சாமிக்கு உயிர் போய்த் திரும்பும்.

"நான் போயிட்டு வாரேன் மொதலாளி. அவளை மட்டும் லேபிள் ஒட்டுற ஷெட்டுக்கு மாத்திவிட்டுருங்க."

"இம்புட்டுத்தானா? மலை ஏறி எறங்கு. மறுநாளே மாத்துறேன்."

தங்கச்சாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

ஆளைப் பனிக்குப் பழக்க வேண்டும் என்று சொன்னது முதலாளியேதான். விருதுநகர் ஐஸ் பாக்டரியிலிருந்து மரத்தூளும் சாக்கும் சுற்றி பஸ் கூரையில் பாளம் பாளமாக ஐஸ் வந்து இறங்கியது. உடைத்துத் தொட்டியில் கொட்டினார்கள். பால் ஐஸ் போடுகிறவனிடம் கேட்டு, உப்புச் சேர்த்தால் குளிர் ஏறும் என்றும் முதலாளி தெரிந்து வைத்திருந்தார். வெடியுப்பைப் போடலாமா என்று கேட்ட சங்கிலிமுத்துவுக்கு அதுக்கென்று ஒரு வசவு விழுந்தது. "அது சரக்குய்யா! கல்லுப்பைக் கொட்டு."

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வேப்பமரத்தடியில் கூட்டம் கூடும். தங்கச்சாமி முழங்கை வரை இரண்டு கையையும் விட்டு உட்காருவான். முதலாளி நாற்காலி போட்டுக் கலர் சோடா குடிப்பார். முதல் நாள் அவன் கத்திய கத்தலில் மரத்துக் காக்கா பறந்தது. "பொம்பளப் புள்ளைக மாதிரி அழுறான்" என்று பொம்பளைகளே சிரித்தார்கள். ராக்காயி அங்கே நிற்க மாட்டாமல் ரூமுக்குள் போய்விடுவாள். தினமும் அவன் கையை எடுத்ததும் முதலாளி, "பத்தாது, நாளைக்கு இன்னுங் கொஞ்ச நேரம்" என்பார்.

ஒரு நாள் அவன் கத்தவில்லை. உட்கார்ந்துகொண்டே இருந்தான். முகத்தில் சிரிப்புக்கூட வந்தது.

"வலிக்கலை மொதலாளி! பழகிருச்சு!"

கூட்டம் கை தட்டியது. முதலாளி எழுந்து வந்து அவன் முதுகில் தட்டினார். தொட்டியிலிருந்து எடுத்த கை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. நிறம்கூட மலைக்குத் தோதாகிவிட்டது என்று சங்கிலிமுத்து கேலி செய்தார்.

இந்தப் பக்கத்துச் சனத்துக்குத் தீக்காயம் பார்த்த மாத்திரத்தில் தெரியும். எத்தனை நாளில் தோல் உரியும், எது பிழைக்கும், எது பிழைக்காது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். உடம்பைப் பொசுக்குகிறது என்றால் அது தீ. குளிரும் பொசுக்கும் என்பது ஒருத்தருக்கும் தெரியாது. வலி நின்றால் பழகிவிட்டது என்றுதான் அத்தனை பேரும் நினைத்தார்கள். நினைக்கட்டும். வலிக்கும்போது சிரித்தார்களே, அதற்கு என்ன சொல்வது?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் விறைத்த கையை அடுப்பில் காட்டினான். சுடுவது தெரியவில்லை. நாற்றம் வந்து ராக்காயிதான் பிடித்து இழுத்தாள். விரலெல்லாம் கொப்புளம் கட்டியது. அப்புறம் கருத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "எந்த மருந்து வெடிச்சுது?" என்று கேட்டார்.

"ஐஸுங்க" என்றான் தங்கச்சாமி.

கட்டுப் பிரித்தபோது வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியிருந்தது. இடது கையில் அதுவும் இல்லை.

பயண ஏற்பாட்டை முடிவு செய்ய பாசாங் ரயிலேறி வந்தது அந்த வாரத்தில்தான். ஆபீசில் வாங்கி வைத்திருந்த கயிறு, பூட்ஸ், சுவரில் மாட்டிய மலைப் படம் எல்லாம் பார்த்தான். ஏறப்போகிற ஆளைக் காட்டச் சொன்னான். தங்கச்சாமி கையைத் துண்டால் மூடிக்கொண்டு வந்து நின்றான். பாசாங் துண்டை விலக்கிப் பார்த்தான். பிறகு இங்கிலீஷில் என்னவோ சொன்னான்.

"என்னவாம்?" என்றார் முதலாளி.

சங்கிலிமுத்து மொழிபெயர்த்தார். "அவுக ஊர்லே மலைதான் விரலை எடுக்குமாம். இங்கன மலை இல்லாமலே எடுத்துட்டீகளேன்னு கேக்குறான்."

தங்கச்சாமி முன்னால் வந்தான். "கட்டைவெரல் இருக்கு சாமி. அதை வச்சுத் திரியைப் பத்த வச்சிருவேன். கூட்டிட்டுப் போயிருங்க." பாசாங்குக்கு மொழி புரியவில்லை. ஆனால் கண் கலங்கியது அவனுக்கு மட்டும்தான். திருத்தங்கலில் ரயில் பிடிக்க அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிப் போய்விட்டான்.

அத்தோடு இமயமலை முடிந்தது. லேபிள் முடியவில்லை. முதலாளி தங்கச்சாமியை மதுரைக்குக் கூட்டிப்போனார். ஸ்டூடியோவில் திரைச்சீலை நிறைய வெள்ளை மலை. காலடியில் மூட்டை மூட்டையாகப் பஞ்சு. வாங்கின பூட்ஸும் கம்பளியும் வீணாகவில்லை. கம்பளிக் கையுறைகளில் விரல் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சைத் திணித்து மாட்டிவிட்டார்கள். கொடியைக் கையோடு நூலால் கட்டினார்கள். சிரிக்கச் சொன்னபோது சிரித்தான். லேபிளும் அச்சாகி வந்தது. வடக்கே ஆர்டர் குவிந்தது.

தங்கச்சாமி ஆபீஸ் வாசலில் போய் நின்றான்.

"மொதலாளி, ராக்காயியை ஷெட்டுக்கு மாத்துறேன்னு சொன்னீக."

"மலை ஏறி எறங்குனா மாத்துறேன்னேன். படத்துல ஏறினதெல்லாம் ஒரு ஏத்தமாலே?" முதலாளிக்குக் கோபம்கூட இல்லை. தன்மையாகவே சொன்னார். "நல்லா யோசிச்சுப் பாரு. ஷெட்டுல கூலி கம்மி. இனி உன் கையாலே ஒரு வேலையும் ஆகாது. அவ கூலிலேதான் ரெண்டு வயிறும் நனையணும். உன் நல்லதுக்குத்தான் அவளை மருந்து ரூம்லேயே வச்சிருக்கேன்."

அவன் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் சொன்னான். சொல்லிவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். கண்ணைத் துடைக்க விரல் இல்லை. ராக்காயி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"முந்தி, என்னைக்காவது பயம் தாங்கலேன்னா உங்க கூலி இருக்கு, வேலையை விட்டு நின்னுக்கிடலாம்னு நெனச்சுக்கிட்டு இருப்பேன். அதைச் சொல்லிக்கிட்டுத்தான் தெனமும் உள்ள போவேன்" என்றாள்.

மறுநாள் காலை அவனுக்குச் சோறு ஊட்டி, வாய் துடைத்து, வேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டாள். பிறகு வேலைக்குக் கிளம்பினாள்.