பூக்களம் முடியும்வரை

1.

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. கல்பாத்தியில் எங்கள் எதிர்வீட்டு ராஜஸ்ரீ, பீர்மேட்டுத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய்வந்து காப்பி ஆறும்வரை பேசியதிலிருந்து பிடுங்கியது. இயந்திரங்களுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு நிரல் எழுதுவது அவள் வேலை. "எழுதிக்கோ. ஆனா செமஃபோரையும் மியூடெக்ஸையும் மாத்தி எழுதினயோ, ஆத்துக்குள்ள விடமாட்டேன் கேட்டயா" என்று அனுமதி கொடுத்தாள்.

2.

முதல் தொடக்கம்: 'பீர்மேட்டில் மூடுபனி இறங்கியபோது ஆனந்தி…'

வேண்டாம். மூடுபனியில் தொடங்கும் மலைக்கதைகளை நானே பாதியில் மூடிவைத்திருக்கிறேன்.

இரண்டாவது: 'ஓணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் இலையைக் காயவைக்கும் ட்ரையரில் தேயிலை கருகியது.'

இது போதும். ட்ரையரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஆனந்தி. சூடு எல்லை தாண்டினால் அதிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியே அடுப்பின் காற்றை நிறுத்த வேண்டும், நிறுத்தவில்லை. புகை வாடை வந்ததும் அவள்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தாள். பிறகு சோதித்தபோது கருவி ஒழுங்காக வேலை செய்தது. அப்படியானால் ஆனந்தி அதைக் கைமுறைக்கு மாற்றிவிட்டு, சாப்பிட்ட மயக்கத்தில் கண்ணயர்ந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். சஸ்பென்ஷன். வேலை போனால் தோட்டத்தார் கொடுத்த லயத்து வீடும் போகும்.

3.

(இனிக் கொஞ்சம் பாடம். தாண்டிப் போகலாம், ஆனால் ஆனந்தியின் வீடு இங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது.)

கருவிக்குள், முக்கியத்துவ வரிசைப்படி, மூன்று வேலைகள். தலையாயது, சூட்டைக் காவல் காப்பது. நடுவில், திரையில் எழுத்தும் படமும் காட்டுவது. கடைசி, சூட்டைக் குறித்துவைப்பது. காவலுக்கும் குறிப்புக்கும் ஒரே வெப்பமானி. இருவரும் ஒரே நேரத்தில் அதைத் தொடாமலிருக்க ராஜஸ்ரீ ஒரு செமஃபோர் வைத்திருந்தாள். மேசைமேல் ஒரு டோக்கன் என்று வையுங்கள். எடுத்தவர் படிக்கலாம், மற்றவர் காத்திருக்க வேண்டும்.

(குமுளி பஸ்ஸில் ஒரே ஜன்னல் சீட்டுக்கு மூன்று பேர்… இல்லை, அடித்துவிட்டேன்.)

அந்த ஓணத்துக்கு மானேஜருக்கு ஓர் ஆசை. திரையில் ஓணத்துப் பூக்கோலமான அத்தப்பூக்களம் இதழ் இதழாக விரிய வேண்டும். கீழே மலையாளத்தில் வாழ்த்து. லயத்துக்காரர்கள் மனம் நோகக் கூடாதே என்று தமிழிலும் ஒன்று. நல்ல மனிதர். ராஜஸ்ரீயும் சேர்த்துக் கொடுத்தாள்.

குறிப்பு எழுதும் வேலை டோக்கனை எடுத்தது. அந்த நேரம் பார்த்துப் பூக்களம் வந்து, தான் குறிப்பைவிட முக்கியம் என்று அதை ஓரங்கட்டிவிட்டு வரைய உட்கார்ந்தது. காவல் வந்து டோக்கன் கேட்டது. டோக்கனோ ஓரங்கட்டப்பட்டவன் கையில். பூக்களம் முடியாமல் அவனுக்கு முறை வராது. எல்லோரையும்விட அவசரமான காவல் அப்படியே நின்றது. திரையிலும் பழைய சூடே அசையாமல் நின்றது. ஓணம் முடிந்து பூக்களத்தை எடுத்தபிறகுதான் கருவியைச் சோதித்திருக்கிறார்கள்.

4.

ராஜஸ்ரீயை நான் முதலில் நம்பவில்லை. பிழை தன்னுடையது என்று மலையேறிப் போய்ச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்? அதனால் வேறொரு முடிவு எழுதிப் பார்த்தேன்: 'அவள் சத்தமில்லாமல் நிரலைத் திருத்திவிட்டு, அடுத்த பஸ்ஸில்…'

கை வரவில்லை. கேட்டேவிட்டேன்.

"பேசாம இருந்திருக்கலாமே?"

"அந்தப் பொண்ணு சாமானெல்லாம் மூட்டை கட்டி வச்சுண்டு உக்காந்திருக்காடா. அதைப் பாத்துட்டு எப்படிப் பேசாம வர்றது?"

5.

எல்லோரையும் ட்ரையர் முன்னால் நிற்கவைத்து, பூக்களத்தை மறுபடி ஓடவிட்டு, வெப்பமானியைச் சூடாக்கிக் காட்டினாள். காற்று நிற்கவில்லை. பிறகு செமஃபோர் இருந்த இடத்தில் மியூடெக்ஸை வைத்தாள். செமஃபோருக்கு டோக்கன் யார் கையில் என்று தெரியாது. மியூடெக்ஸுக்குத் தெரியும், அவசரக்காரர் ஒருவர் காத்திருந்தால், டோக்கன் வைத்திருப்பவருக்கு அந்த அவசரத்தை இரவல் கொடுக்கும். குறிப்பு எழுதுகிறவன் பூக்களத்தைத் தள்ளிவிட்டு வேலையை முடித்தான். காவல் உள்ளே போனது. காற்று நின்றது.

"ஹாவூ!" என்று மலையாளத்தில் பெருமூச்சு விட்டார் மானேஜர். "ஆனந்தி நாளைக்கே டியூட்டிக்கு வரட்டும்."

எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. சொல்ல வெட்கமில்லை.

6.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் மற்றவர்கள் கலைந்தபிறகும் ஆனந்தி போகவில்லை. ராஜஸ்ரீயிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, எல்லாரும் சொல்லச் சொல்ல, நானும் தூங்கிட்டேன்னே நெனச்சுட்டேன். எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொல்லி அழுதேன். அப்ப நான் முழிச்சுத்தான் இருந்தேனாக்கா?"

ராஜஸ்ரீ என்ன சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நானாக எழுதிப் பார்த்த பதில்கள் எல்லாம் மறுபடி மியூடெக்ஸ் பாடமாகிவிட்டன. அவள் கேட்டது பாடம் இல்லை. நடந்தது முழுவதும் இப்போது உங்களுக்கும் தெரியும். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.