பெட்டியோடு வந்த சைக்கிள்

பதினோரு வருஷமாக ஊர் மருந்துப் பெட்டி என் வீட்டில்தான் இருக்கிறது. மலேரியா மாத்திரை, வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கிற பொட்டலம், பிள்ளைகளைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு, பெயர் எழுதும் நோட்டு. சம்பளம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு பனியன் வரும். சில வருஷம் சோப்பும் வரும். பெட்டியை எடுத்துக்கொண்ட காலத்தில் வீட்டில் புருஷன் இருந்தான், மக்காச்சோளம் இருந்தது. பிறகு அவன் தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போனான். ஆளும் வரவில்லை, தகவலும் வரவில்லை.

இந்த ஜனவரியில் குதிரில் அடிமண் தெரிந்தது. அடுத்த சோளம் ஏப்ரலில்தான். அதுவரை நானும் மகள் தியமிகேயும் பூசணி இலையைத் தின்று கிடக்க வேண்டும். மலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க ஆள் எடுத்தார்கள். சின்ன வயதில் அங்கே பறித்தவள் நான், மேஸ்திரிக்கு என் கைவேகம் தெரியும். திங்கட்கிழமை லாரியில் ஒரு இடம் வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினான். கூலி உண்டு, மத்தியானம் சோளமாவில் ன்சிமாக் களி கிண்டிப் போடுவார்கள், அவரையும் உண்டு. ஆனால் விடியும்போதே போய் இருட்டும்போது வருகிறவள் பெட்டியை வைத்துக்கொண்டிருக்க முடியாது. மழைக்காலத்தில்தான் கொழுந்தும் வரும், காய்ச்சலும் வரும்.

வெள்ளிக்கிழமை சர்ச்சில் கூட்டம் போட்டார்கள். சுகாதார ஊழியர் ப்வனாலி மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். தடுப்பூசி போடுவதால் ஊரில் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். நான் எழுந்து, என்னால் இனி முடியாது, பெட்டியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு முவாந்திடா கையைத் தூக்கினாள். இருபத்திரண்டு வயசுப் பெண், எட்டாவது வரை படித்தவள். எனக்கு மூச்சு வந்தது. ஒரு நிமிஷம்தான்.

ப்வனாலி நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பெட்டி, இருக்கிறது. தராசு, இருக்கிறது. நோயாளியை ஏற்றும் வண்டி, இருக்கிறது.

"சைக்கிள்?"

வண்டியை இழுக்கத்தான் அந்தச் சைக்கிளைக் கொடுத்தார்கள். கொடுத்த அன்று என்னை அதன்மேல் கைவைத்து நிற்கச் சொல்லிப் போட்டோ பிடித்து, இனி இது உன்னுடையது எலுபி என்றார்கள். நானும் நம்பினேன். பெட்டி யாரிடமோ சைக்கிளும் அவரிடம் என்று நோட்டில் எழுதியிருப்பதை ப்வனாலி வாசித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் சைக்கிள் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, மேல்நிலைப் பள்ளிச் சுவரில் சாய்ந்திருந்தது. அங்கே நாலு ஃபாரம், தியமிகே மூன்றாவதில் படிக்கிறாள். அங்கேயே வாடகைக் குடிசையில் தங்கிப் படித்த பெண்கள் மூன்று பேர், மூன்று பேரும் வயிற்றில் பிள்ளையோடு திரும்பி வந்தார்கள். என் மகள் தினமும் வீட்டுக்கு வருகிறாள் என்றால் அது அந்தச் சைக்கிளால்தான். படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம்.

பக்கத்து வீட்டு மாலிட்டா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "செயின் அறுந்துபோச்சு டாக்டரே. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கு."

நாற்பது பேர் இருந்தார்கள். தினமும் காலையில் என் மகள் அதில் போவதைப் பார்க்காதவர் ஒருவர் கிடையாது. நாற்பது தலையும் ஆமாம் என்று ஆடின.

"அப்ப திங்கட்கிழமை முவாந்திடா வீட்டுல கொண்டுபோய் நிறுத்திடுங்க" என்றார் ப்வனாலி.

"பெட்டி கை மாறினாத்தானே அது?" என்றாள் மாலிட்டா. "தியமிகேயம்மா களைப்புல பேசுது. அதுக்கு மூத்திரம் போக நேரமில்லாமப் பண்ணிட்டோம், அதான். கொஞ்சம் நல்ல வார்த்தை சொல்லுங்க டாக்டரே, சரியாயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். ப்வனாலியும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் மாலிட்டா என் பக்கம் குனிந்தாள்.

"நவம்பர்ல என் மருமகளுக்கு வலி வந்தப்ப துணியில தூளி கட்டித் தூக்கிட்டுப் போனோம். ஆறு பேரு, சேத்துல. சைக்கிள் எங்கேன்னு நான் உன்னைக் கேட்டனா?"

"கேக்கல."

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"ஏன் கேக்கலன்னு உனக்கே தெரியும். நீ எந்த நேரத்துல தட்டினாலும் கதவைத் திறக்கிறவ. அதுக்காகத்தான். உன் மக படிக்கட்டும்டி, எங்களுக்கு ஒண்ணும் வயித்தெரிச்சல் இல்ல. ஆனா நீ கொழுந்து பறிக்கப் போயிட்டா, நாங்க எதுக்கு வாயை மூடிக்கணும்?"

அவள் மிரட்டவில்லை. உப்பு விலை சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

நான் மறுபடி எழுந்தேன். நானே பெட்டியை வைத்துக்கொள்கிறேன், இந்த ஊருக்குச் செய்வதில் எனக்குச் சந்தோஷம் என்றேன். கைதட்டினார்கள். முவாந்திடா மட்டும் தட்டவில்லை. பனியன் அளவு வரைக்கும் யோசித்து வைத்திருப்பாள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை தியமிகேக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சட்டியில் வெறும் கீரையைக் கிளறிக்கொண்டே, "நான் நடந்து போறேம்மா. நீ லாரி ஏறு" என்றாள்.

"நடந்து போனா எத்தனை மணிக்குப் போய்ச் சேருவே?"

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சட்டியை இறக்கி வைத்தாள்.

"செயினுக்கு எண்ணெய் விடு. நிஜமாவே அறுந்துடப் போகுது" என்றேன்.

திங்கட்கிழமை விடியும்போது லாரி வந்தது. மேஸ்திரி என் வாசலைப் பார்த்து இரண்டு தடவை ஹாரன் அடித்தான். நான் வெளியே போகவில்லை. அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று கத்திக்கொண்டே ஒருத்தி ஓடினாள். முவாந்திடாதான். தலையில் பிளாஸ்டிக் தாள் கட்டி, கையில் மூங்கில் கூடை வைத்திருந்தாள். பின்பக்கம் இருந்தவர்கள் அவளைத் தூக்கி உள்ளே போட்டார்கள். லாரி மலைப்பக்கம் திரும்பியது. அதே பாதையில் எதிர்ப்பக்கமாக என் மகள் பெடலை மிதித்துக்கொண்டு போனாள்.

லாரிச் சத்தம் தேயுமுன்பே மாலிட்டா பேரனோடு வந்துவிட்டாள். மேலெல்லாம் கொதிக்கிறது என்றாள். பெட்டியைத் திறந்து, பிள்ளையின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மலேரியா பார்க்கும் பட்டையில் விட்டேன். கோடு விழுகிறதா என்று பார்க்கக் கால் மணி நேரம் ஆகும். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்தோம். லாரி கியர் மாற்றி மேடு ஏறுவது இன்னும் கேட்டது.

"சாப்பிட்டியா?" என்றாள் மாலிட்டா.

"பட்டையைப் பாரு" என்றேன்.