எட்டும் ஐந்தும் பன்னிரண்டு

1

இந்தக் கதை ஒரு தப்பான விடையிலிருந்து பிறந்தது. நெல்லித்தோப்பில், என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குழந்தையின் குரல்: "எட்டும் அஞ்சும் பன்னெண்டு." பிறகு ஓர் அடி. மீதி என் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி விடாமல் பெய்துகொண்டிருந்தது. குதிரைவண்டியிலிருந்து இறங்கிய சகாயசெல்வி தன் மென்மயிர்க் கையுறையை"

வேண்டாம். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களின் பனி அது. இது 1978 ஏப்ரல். சகாயசெல்வி மில்லிலிருந்து வியர்த்து வழிய நடந்து வருகிறாள்.

2

அவள் மகள் வேளாங்கண்ணி ஒன்றாம் வகுப்பில் ஏற்கெனவே ஒருமுறை தங்கிவிட்டவள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் முன்னால் மணிச்சட்டத்தில் கூட்டிக் காட்ட வேண்டும். தவறினால் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா அந்தோணி சொல்லிவிட்டான்.

"பொட்டப்புள்ளதான. வூட்ல இருக்கட்டும்."

"நீங்க சாப்புடுங்க. நான் பாத்துக்கறேன்."

(மணிச்சட்டம்: மரச்சட்டத்தில் கம்பிகள், கம்பிக்குப் பத்து மணிகள். வீட்டிலிருப்பதைச் சைக்கிள் கம்பியில் செய்தவன் அந்தோணிதான். அதனால் அவனைக் கெட்டவனாக எழுத முடியவில்லை.)

3

குழந்தை மந்தம் என்று எழுதி, அந்த வரியை அடித்தேன். பத்துக்குள் அவள் தவறுவதே இல்லை. இதைச் சகாயசெல்வியும் கவனித்தாள். அடிக்க எடுத்திருந்த குச்சியைக் கீழே போட்டாள்.

"மெதுவா தள்ளுடி. பாக்கறேன்."

எட்டு மணிகள். ஒன்பது, பத்து. முதல் கம்பி முடிந்தது. அடுத்த கம்பியின் முதல் மணியைத் தள்ளும்போது குழந்தை எண்ணவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு, "பதினொண்ணு, பன்னெண்டு."

"நடுவுல ஒண்ண ஏன்டி வுட்ட?"

"அது பரலோக மணிம்மா. அத யாரு எண்ணுவா?"

ஜெபமாலையில் பத்து அருள்நிறை மந்திரம் முடிந்ததும் ஒரு தனி மணி. அதில் பரலோக மந்திரம். தினமும் சாயங்காலம் சொல்லிக் கொடுத்தது சகாயசெல்வியேதான்.

"சாமியாரே பரீட்ச வெச்சா பாசாயிடுவா," என்றான் அந்தோணி.

அவள் சிரிக்கவில்லை. சட்டத்தின் வெளிவிளிம்பில் ஒரு கோட்டுப் பொத்தானைக் கட்டினாள். "உன் பரலோகத்த இதத் தொட்டுச் சொல்லு. உள்ள இருக்கறது எல்லாம் எண்ணறதுக்கு."

ஞாயிறு மாலை, எட்டும் ஐந்தும் பதின்மூன்று.

4

இங்கேயே முடிக்க ஆசைப்பட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்துச் சட்டத்தில் பொத்தான் கிடையாது.

(முடிவு அ: சிஸ்டர் மனமுருகிக் குழந்தையை அணைத்துக்கொள்கிறார். நாவல் படித்த கோளாறு. அழித்தேன்.)

(முடிவு ஆ: அந்தோணி சிலேட்டை எடுத்துப் பரணில்... இதை எழுத மாட்டேன்.)

5

திங்கள். "ஒன்பதும் ஆறும்," என்கிறார் சிஸ்டர்.

ஒன்பது மணிகள் நகர்கின்றன. இன்னொன்று; முதல் கம்பி முடிந்தது. குழந்தையின் விரல் விளிம்புக்குப் போகிறது. அங்கே வெறும் மரம். அதையே தொடுகிறாள். உதடுகள் அசைகின்றன. விரல் திரும்பி வந்து, இரண்டாவது கம்பியின் முதல் மணிமேல் நிற்கிறது.

சன்னலுக்கு வெளியே சகாயசெல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக மூடியிருக்கிறாள். நானும் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

உங்களுக்கு விடை தெரியும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவள் எண்ணட்டும்.