ஈர்க்குச்சி போகும் வழி

மருமகன் சோதனை போட வந்தால் எந்த மாமியாருக்குத்தான் பிடிக்கும்? அதிலும் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிற மருமகன்!

தையல் கூடத்து முதலாளியம்மா அன்று காலையிலிருந்தே கடுகடுவென்று இருந்தார். ஆண்டுதோறும் தீ பாதுகாப்புச் சோதனைக்கு வருகிற பழைய அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். தங்கமான மனிதர். டீயைக் குடிப்பார், தலையை ஆட்டுவார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் இடத்துக்கு வந்திருப்பதோ சொந்த மருமகன். வேறு ஆளை அனுப்பச் சொல்லி மருமகனே மேலிடத்தில் கெஞ்சிப் பார்த்தாராம், வேறு ஆளே இல்லையாம். கழுத்தும் நீளம், பிழைப்பும் நெருப்போடு என்பதால் மாமியார் மனசுக்குள் அவருக்கு நெருப்புக்கோழி என்று பெயர் வைத்திருந்தார்.

பள்ளிச் சீருடை ஆர்டர் ஒன்று தலைக்கு மேல் கிடந்தது. சோதனையில் தேறாவிட்டால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். பூட்டினால் ஆர்டர் கைநழுவிவிடும், அங்கே தைக்கிற அத்தனை பெண்கள் பிழைப்பிலும் மண் விழும். அதனால் முதலாளியம்மா முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. முதல்ல டீ சாப்பிடுங்க."

"வேலை முடியட்டும் அத்தை."

போச்சு! டீயே குடிக்காத ஆள் எதற்குத் தலையாட்டப் போகிறார்?

மருமகன் ஒயரைப் பார்த்தார், இஸ்திரி மேஜையைப் பார்த்தார், தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் பின்கதவுப் பக்கம் போனார். அங்கே இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் துணி மூட்டை. நடுவில் வழி என்று பேருக்கு ஒரு சந்து.

"தீப்பிடிச்சா இந்த வழியாத்தானே அத்தை எல்லாரும் வெளிய போகணும்?"

"தாராளமா போகலாமே! எங்க, அந்த ஈர்க்குச்சியைக் கூப்பிடுங்க!"

ஈர்க்குச்சி என்பது பட்டன் தைக்கிற பெண். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாத ஒல்லி. சோதனை வந்தாலே அவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்போதும் சந்துக்குள் சர்ரென்று நுழைந்து, கதவருகே போய் நின்று கையை ஆட்டினாள். பழைய அதிகாரிக்கு அதுவே போதும்.

"சரி, அடுத்தவங்க வரட்டும்" என்றார் மருமகன்.

"அடுத்தவங்களா? அதான் ஒரு ஆள் போயாச்சே!"

"தீ வந்தா இவங்க ஒருத்தர் மட்டும்தான் ஓடுவாங்களா அத்தை?"

தையல் மிஷின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியம்மா ஒரு முறை முறைத்தார், சிரிப்பு அடங்கியது.

"நான் போறேன்" என்று காலர் தைக்கிற மகள் எழுந்தாள். மருமகனின் மனைவி, ஏழு மாத கர்ப்பிணி.

"நீ எதுக்குடி? சும்மா உக்காரு!"

"என் மிஷின்தானேம்மா கடைசில இருக்கு? நான் போகாம வேற யாரு போறது?"

போனாள். நேராகப் போனால் தோள் இடித்தது. பக்கவாட்டில் திரும்பினால் வயிறு இடித்தது. மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். மூச்சு உள்ளே போனது, வயிறு போகவில்லை. கடைசியில் மூட்டை மேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருந்துக்கறோம்மா. நீங்கல்லாம் ஓடுங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. முதலாளியம்மா மூட்டைகளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை நாளாக இந்த மூட்டைகளை அடுக்கச் சொன்னது யார்? அவரேதான்.

மருமகன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "ராத்திரி தூக்கமே வர்றதில்ல அத்தை. இவகிட்ட சொன்னா, அம்மாகிட்ட சொல்லுங்கன்னுட்டா. உங்ககிட்ட சொல்ல பயம்."

"ஏன் மாப்பிள்ளை, நான் என்ன புலியா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"சரி, கூடத்தைப் பூட்டணும்னே எழுதிடுங்க." முதலாளியம்மா சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார்.

"பூட்டவெல்லாம் வேண்டாம் அத்தை. வழியை விட்டா போதும். இன்னிக்கே காலி பண்ணுங்க, நான் இருந்து பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

அவ்வளவுதான், முதலாளியம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். "மிஷினை நிறுத்துங்கடி! மூட்டை அத்தனையும் என் வீட்டு ஹாலுக்குப் போகட்டும்!"

"அங்க சோபா கிடக்கேம்மா?" என்றாள் மகள்.

"அதைத் தூக்கி உன் வீட்டுல போடு! உன் புருஷனுக்குத்தான் தூக்கம் வரலையாமே, உக்காந்திருக்கட்டும்!"

மூட்டைகள் போனதும், பின்கதவு வரை தரை தெரிந்தது. மகள் கையை வீசிக்கொண்டு வெளியே நடந்தாள். ஒவ்வொருத்தராக மற்ற பெண்களும் போனார்கள்.

"நீங்களும் போங்க அத்தை."

"நானா? நான் எதுக்கு? வழி மூடி இருந்தா என்ன, திறந்திருந்தா என்ன, என் கூடம் இது, நான் இங்கயேதான் இருப்பேன்."

"உங்களை நினைச்சும்தான் அத்தை தூக்கம் வரல."

முதலாளியம்மா குனிந்து தன் பருத்த உடம்பைப் பார்த்துக்கொண்டார். பழைய சந்தில் இதில் பாதி கூட நுழைந்திருக்காது. இவ்வளவு நாளாகத் தன்னை இப்படிக் கணக்கில் சேர்த்துக் கவலைப்பட ஒருத்தர் இருந்திருக்கிறார் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. பேசாமல் கதவைத் தாண்டிப் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று மூக்கை உறிஞ்சினார். பிறகு சட்டென்று திரும்பினார்.

"அங்கயே என்ன நிக்கறீங்க மாப்பிள்ளை? முதல்ல வெளிய வாங்க. நீங்க உள்ள நின்னா எனக்கு மட்டும் நிம்மதியா இருக்குமா?"