பிரிக்காத சிப்பாய்கள்

மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது தனக்குப் பொம்மை வாங்க ஆரம்பித்த ஒரே தகப்பன் திருநெல்வேலியில் என் வீட்டுக்காரராகத்தான் இருப்பார். பெயர் அம்மையப்பன், அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போனவர், மேலதிகாரிக்கு அல்வா கொண்டுபோன பையில் விரல் நீளச் சிப்பாய் ஒன்றைக் கொண்டுவந்தார். அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் அது துப்பாக்கியோடு நின்றது.

"பிரிச்சுறாத சொர்ணம். பிரிக்காம வச்சிருந்தா விலை ஏறும்" என்றார்.

பொம்மை வார்க்கிற அச்சு அமெரிக்கக் கம்பெனியுடையதாம். நம் நாட்டில் செய்யும்போது கிடைத்த சாயத்தைப் பூசிவிடுவார்களாம். அங்கே பச்சைச் சட்டை போட்டவன் இங்கே மஞ்சள் சட்டையில் வருவான். அந்த மஞ்சள் சட்டைக்காக வெளிநாட்டில் ஆட்கள் தவம் கிடக்கிறார்களாம்.

"தவம் கிடக்கவன் அட்ரஸைத் தாங்க, நானே கட்டி அனுப்புதேன்" என்றேன். அவரும் சிரித்தார்.

ஏழு வருடத்தில் நாற்பத்திரண்டு சிப்பாய்கள் சேர்ந்தார்கள். கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி, அதற்குள் பாச்சை உருண்டை, ஒவ்வொருவனுக்கும் ஒரு பாலித்தீன் உறை. தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் ஆறு எங்கள் சிந்துபூந்துறைத் தெருவுக்குள் வந்தபோது நான் ரேஷன் கார்டையும் நகையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். இவர் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். இந்தக் கதையை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. ஜங்ஷனில் உரக்கடை வைத்திருக்கும் என் தம்பி பாலசுப்பிரமணியனுக்கு இது போதாதா? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அத்தான், பட்டாளம் சௌக்கியமா?" என்பான். அதற்கும் இவர் சிரிப்பார். சிரிப்பவருக்கு வலிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தொண்ணூற்றேழில் மெட்ராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சாய்கிருஷ்ணன் என்பவர் இப்படிப்பட்ட பொம்மைகளை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறாராம்; இவர் விலாசத்தைப் பொம்மைக் கடையில் வாங்கினாராம். விஜயதசமியன்று காலையில் நேரில் வந்து பார்க்கிறேன், நல்ல நிலையில் இருந்தால் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். இவர் அதை எனக்கு நான்கு முறை வாசித்துக் காட்டினார். எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே உரக்கடைக்குப் போய், "மாப்ளே, விஜயதசமி அன்னைக்குக் காலைல வீட்டுக்கு வந்துரு" என்று அழைத்துவிட்டு வந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது பைத்தியக்காரத்தனம் இல்லை என்று ஒரு ஆள், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முந்தின நாள் ஆயுத பூஜை. இவர் ஆபீஸ் பூஜைக்குப் போயிருந்தார். நான் பீரோவுக்கும் கிரைண்டருக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு கட்டிலுக்கு முன்னால் நின்றேன். ஏழு வருடமாக அந்தப் பெட்டிக்கு மட்டும் நான் பொட்டு வைத்ததில்லை. வீட்டை விட்டு நாளைக்குப் போகிற பொருள். ஒரு தடவையாவது மரியாதை செய்ய வேண்டாமா? பெட்டியை இழுத்து, ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்து, துடைத்து, அட்டையில் அச்சடித்திருந்த சிப்பாய் படத்தின் நெற்றியில் திருநீறு, சந்தனம், குங்குமம் என்று முறையாக வைத்தேன். நாற்பத்திரண்டு பேருக்கும். பிளாஸ்டிக் கூடு ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. அவர் சொன்னது அது ஒன்றுதானே!

சாயங்காலம் வந்ததும் பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒன்றைக் கையில் எடுத்து, சந்தனத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாத்துக்குமா வச்ச?"

"ஒருத்தனையும் விடல."

"நல்லா இருக்கு" என்றார். பொரியும் கடலையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சந்தோஷமாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் சாய்கிருஷ்ணன் வந்தார். தம்பி அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். நான் காபி கலந்துகொண்டிருந்தேன்.

"அடக் கடவுளே! யார் சார் இது?" என்று கூடத்தில் சத்தம் கேட்டது. "அட்டையில ஒரு கீறல் இருந்தாலே வாங்க மாட்டாங்க. சந்தனம் ஊறிப் போயிருக்கே! துடைச்சா பேப்பரோட வரும். ஒண்ணுகூடத் தேறாது சார். யார் பண்ணினது?"

"நான்தான்" என்றார் இவர். "நல்ல நாளாச்சேன்னு நான்தான் வச்சேன்."

தம்பி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "ஏழு வருசமா பொத்திப் பொத்தி வச்சுட்டு, கடைசியில பட்டாளத்துக்கே பட்டை போட்டு விட்டுட்டியளே அத்தான்!"

இவரும் சிரித்தார். வழக்கமாகச் சிரிக்கும் அதே சிரிப்பு. அதைப் பார்க்கத் தாங்கவில்லை எனக்கு. காபித் தட்டோடு போய் நின்றேன்.

"அவிய வைக்கல. நான் வச்சேன். சிரிக்கணும்னா என்னையப் பாத்துச் சிரி லே."

சாய்கிருஷ்ணன் காபியைப் பாதி குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். அவரோடு தம்பியும் கிளம்பினான்.

கதவைச் சாத்தியதும் இவர் என் பக்கம் திரும்பினார். கல்யாணமாகி இருபத்திமூன்று வருடத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை.

"நான்தான் சொல்லிட்டு இருக்கேம்லா, நீ எதுக்குக் குறுக்க வந்த?"

"நான் செஞ்ச தப்புக்கு உங்களைப் பாத்துச் சிரிக்கான். கேட்டுட்டு நிக்கச் சொல்லுதியளா?"

"எனக்கு அது பழகிப் போச்சு சொர்ணம். உனக்குப் பழக்கம் கிடையாதுல்லா" என்றார்.

யார் பழக்கியது என்று அவர் சொல்லவில்லை. சிப்பாய்களை ஒவ்வொன்றாக உறையில் போட ஆரம்பித்தார். வெட்கம் பிடுங்கித் தின்ன, நானும் பக்கத்தில் உட்கார்ந்து உறைகளை எடுத்துக் கொடுத்தேன்.