ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாத்திரை வேண்டாம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருந்துக்கடை வாசலில் கிடைத்தது. 2006, கீழ்க்கட்டளை. தலைவலி மாத்திரைக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் மாத்திரை அட்டையோடு ஒரு பெண்.

"அண்ணா, இத ஞாயித்துக்கிழமை மட்டும் நிறுத்திக்கலாமா?"

"டாக்டரைக் கேக்காம நான் எப்படிம்மா சொல்றது? எதுக்குக் குடுத்தாங்க?"

"வூட்டுக்காரருக்கு. ரம்மி ஆடாம இருக்க."

சூதாட்டத்துக்கு மாத்திரையா! என் தலைவலி போன இடம் தெரியவில்லை. ஏன் ஞாயிறு மட்டும்? கேட்பதற்குள் அவள் போய்விட்டாள். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. அவளுக்கு ஷபீனா என்று பெயர் வைக்கிறேன்.

2

முனீர் சூதாடியாகப் பிறக்கவில்லை, விதி அவரை—

(அடித்துவிட்டேன். யாரும் அப்படிப் பிறப்பதில்லை.)

ஷபீனாவின் கணவர் முனீர், மிக்ஸி ரிப்பேர் செய்பவர். ஞாயிறானால் மனமகிழ் மன்றத்தில் ரம்மி. ஒருநாள் கடைச் சாவியையே மேசையில் வைத்துத் தோற்றார். இன்று வேறொருவர் கடையில் வேலை. மிச்சம் இருப்பது வீடு ஒன்றுதான்.

3

மாத்திரை வேலை செய்தது. மன்றத்துப் பக்கம் அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. ஆனால் கூடவே வேறொன்றும் அடங்கிப்போனது. (எல்லோருக்கும் இப்படி ஆகாது என்கிறார் என் கதையின் டாக்டர். கதையில் வரும் டாக்டரை நம்பி யாரும் மாத்திரை விழுங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.)

முன்பெல்லாம் ஞாயிறு மதியம் தம் பிரியாணிச் சட்டியைத் திறந்ததும், பல்லாவரம் சந்தைக்காரன் குரலில் முனீர் ஏலம் விடுவார். "நல்லி எலும்பு! நல்லி எலும்பு! கேக்குறது யாரு?" மகள் கைனாத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறும். இப்போது குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறார்.

"ஏங்க, உப்பு கம்மியா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப ஏலம் விடலாம்ல?"

"தோணல ஷபீனா. ஆடணும்னும் தோணல, சிரிக்கணும்னும் தோணல. வேணும்னா பொய்யா சிரிக்கட்டுமா?"

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இவர் ஆடாமல் இருந்தால் போதும் என்று தொழுகையில் துஆ கேட்டவள் அவள்தானே.

4

எனக்கும் சிக்கல்தான். கதை நகர யாராவது எதற்காவது ஆசைப்பட வேண்டும். இந்த மனிதர் சாப்பிட்டு, கை கழுவி, படுத்துவிடுகிறார். கதையும் கூடவே படுத்துவிட்டது. ஆகவே ஒரு ஞாயிறு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம்.

முடிவு ஒன்று: ஏலம் திரும்புகிறது. கைனாத்துக்குப் புரைக்கேறுகிறது. முனீர் வீட்டிலேயே இருக்கிறார்.

முடிவு இரண்டு: ஏலம் திரும்புகிறது. அப்புறம் முனீர் சட்டையை மாட்டுகிறார். பீரோ திறக்கும் சத்தம். வீட்டுப் பத்திரம் இருக்கும் தட்டை நோக்கி அவர் கை—

(இதை எழுதும்போது எனக்கு உற்சாகம் பிறந்தது. வெட்கமாக இருக்கிறது.)

5

டாக்டர் புதனன்றுதான் வருவார். இன்று ஞாயிறு. ஷபீனாவின் உள்ளங்கையில் மாத்திரை. எதிரே தண்ணீர் டம்ளரோடு முனீர்.

"நீயே சொல்லு. போடவா, வேணாமா?"

அவள் என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். அவர் விழுங்கிவிட்டால் கதை இங்கேயே சப்பென்று முடிந்துவிடும். என்ன ஆகும் என்று பார்த்தே தீர வேண்டும் என்றால், பணயம் அவள் வீடு.

வைக்கச் சொல்கிறீர்களா?